வலது ஓரம்

குழந்தைவேல் கிளம்பிப் போனதை மந்தாரக்குப்பத்தில் நாலைந்து பேர் பார்த்திருக்கிறார்கள். பார்த்த யாருக்கும் அது காணாமல் போகிற மாதிரி தெரியவில்லை, அவ்வளவுதான். குளித்துத் தலையை வாரி, நீலக் கட்டம் போட்ட லுங்கிக்கு மேல் காக்கிச் சட்டை மாட்டி, கையில் தூக்குவாளியோடு மெயின்ரோட்டுப் பக்கம் நடந்தார். ஷிப்டுக்குப் போகிற ஆள் எப்படிப் போவாரோ அப்படித்தான் போனார். டீக்கடையில் நின்ற ஒருவர், "என்னாண்ணே, மறுபடியும் வேலைக்குக் கூப்ட்டாங்களா?" என்று கேட்டிருக்கிறார். "ஆமாம்பா, பஸ்ஸு வந்துடும்" என்று பதிலும் வந்திருக்கிறது.

கலியம்மாள் அப்போது குழாயடியில் இருந்தாள். மகள் பொற்கொடி உள்ளே சுடிதாருக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். செருப்புச் சத்தம் அவளுக்குக் கேட்டது. அப்பா வாசல் வேப்பமரத்தடியில் உட்காரப் போகிறார் என்று நினைத்துக்கொண்டாள். கலியம்மாள் குடத்தை இறக்கிவைத்து, "அப்பா எங்கடி?" என்று கேட்டபோதுதான் அடுப்பு மேடையில் தூக்குவாளி இல்லாததைப் பொற்கொடி பார்த்தாள். அதில் யாரும் சோறு போட்டுக் கொடுத்து ஆறேழு மாசம் ஆகியிருந்தது.

பக்கத்து நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் அவர் காண்ட்ராக்ட் கூலி. கன்வேயர் பெல்ட்டில் ஓடுகிற கரியும் மண்ணும் வழியெல்லாம் சிந்தும். சிந்தியதைப் பெல்ட்டுக்கு அடியில் குனிந்து மண்வெட்டியால் வாரி மறுபடி மேலே போடுகிற வேலை. மழைக்காலத்தில் சேறு முழங்கால் வரைக்கும் ஏறும். வெயில் காலத்தில் காறித் துப்பினால் எச்சில் கறுப்பாக விழும். பர்மனெண்டு வரும் வரும் என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்துவிட்டது. போன ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு மூளைக்கு ஏறிவிட்டது. கடலூர் ஆஸ்பத்திரியில் பிழைத்து எழுந்தார். எழுந்து வந்தவருக்குச் சில நாள் எல்லாம் தெரியும். சில நாள் கலியம்மாளைப் பார்த்து, "நீங்க எந்த ஊரு?" என்று மரியாதையாகக் கேட்பார்.

அன்று பொழுது சாய்கிறவரைக்கும் தேடினார்கள். குழந்தைவேலோடு ஒரே கேங்கில் மண் வாரிய கொளஞ்சியப்பன் சைக்கிளில் சுரங்கத்து கேட் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தார். போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். "போட்டோ போட்டு நோட்டீஸ் அடிச்சி நாலு பஸ் ஸ்டாண்டுல ஒட்டுங்கம்மா, அதுலதான் சீக்கிரம் கெடைப்பாங்க" என்று அங்கேயே ஒருவர் சொன்னார்.

"அதுக்கென்னா, நம்ம பாப்பா வேலையே அதுதான?" என்றார் கொளஞ்சியப்பன்.

வேலை அதுதான். டவுன்ஷிப் மெயின் பஜாரில் சிவப்பிரகாசம் வைத்திருந்த ஜெராக்ஸ் கடையில் பொற்கொடி டைப் அடிப்பாள். மனு, ஹால் டிக்கெட், பயோடேட்டா, கண்ணீர் அஞ்சலி என்று எது வந்தாலும் அவள்தான். மறுநாள் கடை திறந்ததும் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் கலியம்மாள் ஸ்டூலில். இன்னொரு பக்கம் கொளஞ்சியப்பன், ஷிப்ட் முடிந்த கையோடு வந்தவர், கண் இமையில் கரி ஒட்டியிருந்தது.

மேலே பெரிதாகக் 'காணவில்லை' என்று அடித்தாள். அடிக்கும்போது ஒன்றும் தோன்றவில்லை. பெயர், வயது, மாநிறம், ஊர் நெய்வேலி. படத்துக்குத்தான் சிரமம். சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தில் எடுத்த ஒரே படத்தில் அப்பா கூட்டத்துக்கு ஓரமாக நின்றுகொண்டிருந்தார். ஸ்கேன் செய்து, அவரை மட்டும் தனியாக எடுத்து, எழுத்துக்கு வலப்பக்கம் வைத்தாள்.

"நம்பரு பெருசா இருக்கணும் பாப்பா" என்றார் கொளஞ்சியப்பன். "பஸ்ஸுல போறவன் கண்ணுல படணும்."

சிவப்புப் பட்டை ஒன்றைத் தனிப் படமாகச் செய்து, அதன்மேல் வெள்ளையில் வீட்டுச் செல் நம்பரைப் போட்டு, பக்கத்தின் அடியில் ஒட்டினாள்.

குறிஞ்சிப்பாடி பிரஸ்காரருக்குப் போன் போட்டாள். "வேர்டுல கொண்டாந்தீன்னா உன் எழுத்து என் மிஷின்ல இருக்காதும்மா. எல்லாம் கோழி கிண்டினாப்ல வரும். பிடிஎஃப் ஆக்கிப் பென் டிரைவுல கொண்டா. இங்க கரண்ட்டு ரெண்டு மணிக்கு வரும், நாலு மணிக்குப் போயிடும். அதுக்குள்ள வந்தாதான் இன்னிக்கு. இல்லன்னா நாளைக்குதான்" என்றார். இரண்டாயிரத்துப் பதிமூன்றாம் வருஷத்துச் சித்திரை அது. டவுன்ஷிப்பில் அனல்மின் நிலையத்துக் கரண்ட்டில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அங்கிருந்து கொஞ்சம் தள்ளினால் ஊர் ஊராக இருண்டு கிடந்தது.

பிடிஎஃப் ஆக்கித் திறந்தாள். படத்தில் வலப்பக்கத்துக் கன்னமும் காதும் இல்லை. கத்தியால் சீவினாற்போல் மூக்கோடு படம் நின்றது.

"ஏண்டி, பாதி மூஞ்சி எங்க?" என்றாள் கலியம்மாள்.

"ஒண்ணுமில்லம்மா. ஓரத்துல இடிக்குது."

படத்தைச் சின்னதாக்கினாள். மறுபடியும் வெட்டு விழுந்தது. மார்ஜினைக் குறைத்தாள். வெட்டு கொஞ்சம் நகர்ந்து கண்ணுக்கு வந்தது. படத்தை எடுத்துவிட்டு எழுத்தோடு எழுத்தாக வரிக்குள் செருகிப் பார்த்தாள். இந்தத் தடவை மொத்த முகமும் போய், சட்டைக் காலரும் கழுத்தும் மட்டும் ஒரு கீற்றாகத் தெரிந்தது.

கலியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "அத மூடுடி. கழுத்தோட இருக்குது. மூடித் தொல."

பொற்கொடி மூடினாள். வேறு யாராவது இதே சிக்கலோடு வந்திருந்தால் பேசிக்கொண்டே சரிசெய்து அனுப்பியிருப்பாள். ஆயிரம் தடவை செய்த வேலை. இன்றைக்கு எந்தப் பட்டனில் எது இருக்கிறது என்று கண் தேடியது. பக்கத்தை மூடித் திறந்தாள். கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டாள். அது மெதுவாக உயிர் வந்து எழுவதற்குள் கலியம்மாள் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள்.

மின்சாரக் கட்டணம் கட்டப் போயிருந்த சிவப்பிரகாசம் வந்து பின்னால் நின்றார். "வரி எடைவெளிய மனுவுக்கு வெக்கிறாப்ல இறுக்கி வெச்சிருக்கியேம்மா. படம் வரிக்குள்ள மாட்டிகினு நசுங்குது பாரு. வரியில வெக்காத, தனியா மெதக்க வுடு."

"தனியா வுட்டாலும் சைடுல வெட்டுது சார்."

"பேப்பரு என்னா சைஸு?"

பார்த்தாள். முந்தின நாள் ஒரு பட்டியலுக்காக நீளமான லீகல் தாளைப் படுக்கவாட்டில் வைத்தது அப்படியே இருந்தது. பிடிஎஃப் ஏ-ஃபோரில் வந்துகொண்டிருந்தது. பெரிய தாளில் போட்டதைச் சின்னத் தாளில் திணித்தால் ஓரம் போகத்தான் செய்யும். இது தெரியாதவளா அவள்? தாளை மாற்றினாள். எழுத்தும் படமும் இடம் பெயர்ந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. எழுத்தைச் சுருக்கி, படத்தைப் பிடித்து இழுத்து நடுவில் வைத்து, மறுபடி பிடிஎஃப் ஆக்கினாள்.

இந்த முறை இரண்டு காதும் இருந்தன. நெற்றி, மீசை, தாடை எல்லாம் இருந்தன.

"ஆங், வந்துட்டாம்பா" என்றார் கொளஞ்சியப்பன்.

"மூஞ்சி முழுசா வுழுந்திருக்கு" என்றார் சிவப்பிரகாசம். "கெளம்பு, கெளம்பு. வடலூர் பஸ்ஸு இப்ப வரும்."

கலியம்மாள் திரையில் இருந்த புருஷன் முகத்தை விரலால் தொட்டாள். கண்ணாடி சுட்டது போல உடனே எடுத்துக்கொண்டாள். பொற்கொடி பென் டிரைவை உருவிக்கொண்டு ஓடினாள்.

கரண்ட் போவதற்கு முன் அச்சாகிவிட்டது. கலியம்மாள் மைதா மாவைக் காய்ச்சிப் பசை செய்து கொடுத்தாள். கொளஞ்சியப்பன் ஷிப்டு போக மிச்ச நேரமெல்லாம் பஸ் ஏறி இறங்கினார். வடலூர், குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி, நெல்லிக்குப்பம். பஸ் ஸ்டாண்ட் தூண், டீக்கடைப் பலகை, ரேஷன் கடைச் சுவர் என்று ஒட்டிவிட்டு வந்து, "ஒரு எடம் வுடல தங்கச்சி" என்று கலியம்மாளிடம் சொன்னார்.

போன் வரவில்லை.

அடுப்புப் பக்கத்தில் அரிசி டப்பாமேல் அந்தப் போன் இருக்கும். கலியம்மாள் சோறு வடிக்கும்போதும் அதைப் பார்த்துக்கொண்டே வடிப்பாள். ஒரு தடவை கையில் கஞ்சி கொட்டிக்கொண்டாள். வருகிற போனெல்லாம் காலர் டியூனுக்குப் பாட்டு வைக்கச் சொல்லும் கம்பெனிக்காரனுடையது. முதல் தடவை அந்தப் பெண் குரலைக் கேட்டு, "சொல்லுமா, எங்க இருக்காரு?" என்று கலியம்மாள் கேட்டாள். பாட்டு வேண்டுமென்றால் எண் மூன்றை அழுத்தச் சொன்னது குரல்.

"ஒங்க போன்ல இருந்து ஒரு தாட்டி போடுங்கண்ணே, ரிங் போவுதான்னு பாக்கலாம்" என்று கொளஞ்சியப்பனிடம் கேட்பாள். போடுவார். மணி அடிக்கும். "அடிக்குதே" என்பாள், அடிக்கக்கூடாத ஒன்று அடித்தது மாதிரி.

ஒரு வாரத்துக்குமேல் வீட்டில் இருக்க முடியவில்லை. மீதி நோட்டீஸ் கட்டை எடுத்துக்கொண்டு பொற்கொடி கிளம்பினாள். கலியம்மாளும் வந்தாள். "கல்யாணத்துக்கு மின்ன அவுரு நெல்லிக்குப்பத்துப் பக்கம் கரும்பு வெட்டப் போவாரு. ஒருக்கா அங்க போய்ப் பாக்கலாண்டி" என்றாள்.

நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை ரோட்டில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாக நின்றன. அடியில் ஆட்கள் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். வெல்லம் காய்ச்சின மாதிரி, புளித்த மாதிரி ஒரு வாடை. எதிரே ஒரு கீற்றுக் கொட்டகையில் சாமியம்மாள் டீயும் சோறும் விற்றாள். நோட்டீசை வாங்கிப் பார்த்தாள். பிறகு கலியம்மாளைப் பார்த்தாள்.

"வந்து சேரலியா அவுரு?" என்றாள்.

பொற்கொடிக்கு முதலில் புரியவில்லை. "யாருங்க?"

"இவுருதாம்மா. இங்கதான இருந்தாரு. டிராக்டர்காரனுங்களோட குந்திகினு இருப்பாரு. 'என்னா பெரியவரே'ன்னா, 'என் வண்டி இன்னும் உள்ள போவுல'ம்பாரு. பேரு கேட்டா சொல்ல மாட்டாரு. சாதுவாதான் இருந்தாரு."

கலியம்மாள் பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டாள். "சாப்ட்டாரா?"

"சாப்ட்டாரும்மா. தட்டுல போட்டா தொட மாட்டாரு. தூக்குவாளிய நீட்டுவாரு, அதுல போட்டுக் குடுத்தா ஒதுங்கிப் போயி சாப்டுவாரு. வெங்காயம் கேப்பாரு."

"வெங்காயம் வேணும் அவுருக்கு" என்றாள் கலியம்மாள்.

பொற்கொடி குறுக்கே வந்தாள். "எங்களுக்கு ஒரு போன் போட்டிருக்கலாமேக்கா. எதிர்லயே நோட்டீசு ஒட்டியிருக்குதே."

"போடாமயா? நோட்டீச பாத்ததும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. டிரைவரு தொரராஜ வுட்டுதான் போடச் சொன்னேன். அந்த நம்பரு போவுலியேம்மா. போட்டுப் போட்டுப் பாத்தான். தப்பான நம்பருன்னு சொல்லுது ஒரு பொம்பள. அப்பறந்தான் எண்ணிப் பாத்துட்டு சொன்னான், 'யக்கா, இதுல எட்டு நம்பருதான் இருக்குது, செல்லுக்கு பத்துல்ல வேணும்'னு. கடசில என்னென்னமோ ரெண்டு ரெண்டு நம்பரா சேத்துக்கூட போட்டுப் பாத்தான். எவன் எவனோ எடுத்தான். ஒருத்தன் திட்டினான்."

பொற்கொடி கையிலிருந்த கட்டைப் பார்த்தாள். அப்பாவின் முகம் முழுசாக இருந்தது. இரண்டு காதும் இருந்தன. அடியில் பட்டை வலது பக்கம் தள்ளிக்கொண்டு போய், தாளின் விளிம்பில் எட்டாவது எண்ணோடு முடிந்திருந்தது. அடுத்த தாளைப் பார்த்தாள். அதற்கடுத்ததைப் பார்த்தாள். எதற்காகப் பார்க்கிறோம் என்று தெரிந்தும் கட்டு முழுவதையும் புரட்டினாள். தாள் அளவைக் குறைத்தபோது படத்தை மட்டும்தான் இழுத்து வைத்தாள். பட்டை இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது. பக்கம்தான் அதற்கு அடியிலிருந்து சுருங்கிப் போயிருந்தது.

"அப்பறம் எங்க போனாரு?" என்று கேட்டாள். தன் குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"நானேதாம்மா அனுப்பி வெச்சேன். நோட்டீசுல நெய்வேலின்னு இருந்துச்சு. பண்ருட்டி பஸ்ஸுல ஏத்தி, டிக்கெட்டு எடுத்துக் குடுத்து, கண்டக்டர்கிட்ட சொன்னேன், பண்ருட்டியில எறக்கி நெய்வேலி வண்டியில ஏத்தி வுடுன்னு. சரின்னு தலையாட்டினான். இந்நேரம் வூட்டுல இருப்பாருன்னுல்ல நான் நெனச்சிகினு கெடக்கறேன்." சாமியம்மாள் கரண்டியை வைத்துவிட்டாள். "முந்தா நாளு காலையில."

வரிசையில் ஒரு டிராக்டர் நகர்ந்தது. பின்னால் இருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக நகர்ந்தன.

"எட்டு நம்பருன்னா இன்னாடி?" என்று கலியம்மாள் மகளிடம் கேட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"கடைசி ரெண்டு நம்பரு வுட்டுப் போச்சும்மா. ஓரத்துல வெட்டிகினு போயிருக்குது."

"மூஞ்சி வெட்டினாப்லயா?"

"ஆமாம்மா. அதப் பாத்தேன். இதப் பாக்கல."

அம்மா கை நீட்டி அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது பொற்கொடிக்கு. கலியம்மாள் நோட்டீசை வாங்கி மடியில் வைத்து நீவினாள். "மூஞ்சியத்தான எல்லாரும் பாத்துகினு இருந்தோம்" என்றாள். "எழுந்திரு. பஸ்ஸுல போய்க் கேப்போம்."

கண்டக்டரைப் பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் பிடித்தார்கள். நல்ல மனுஷன். அவருக்கு ஞாபகம் இருந்தது. "மேல்பட்டாம்பாக்கத்துல ஒரு கூட்டம் எறங்குச்சும்மா. கல்யாணக் கூட்டம். பண்ருட்டியில பாத்தா இவுரு சீட்டு காலி. அதுங்களோட எறங்கிட்டாரு போல. நான் தேடறதுக்குள்ள டைம் ஆயிடுச்சி, வண்டி எடுத்துட்டேன்." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "தப்புதாம்மா" என்றார்.

பொற்கொடி ஒரு கறுப்பு ஸ்கெட்ச் பேனா வாங்கினாள். அதற்குப் பின் வந்த நாட்களில் கொளஞ்சியப்பன் ஒட்டின இடமெல்லாம் போனாள். தூணிலும் சுவரிலும் அப்பாவின் முகத்துக்குக் கீழே, பட்டைக்குப் பக்கத்தில் எழுத இடமில்லாமல், அடியில் முழு நம்பரையும் எழுதினாள். சில இடங்களில் அதன்மேல் வேறு போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். சில இடங்களில் ஆடு பாதியைத் தின்றிருந்தது. மிச்சமிருந்த பாதியிலும் எழுதினாள். சிவப்பிரகாசம் புது நோட்டீஸ் அடிக்கச் சொல்லிவிட்டு, "நானும் பாத்தேனேம்மா, நானும் முழுசா வுழுந்திருக்குன்னுதான சொன்னேன்" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை.

இப்போது போன் வந்தது. ஓயாமல் வந்தது. விருத்தாசலத்தில் ஒருவர் படுத்திருக்கிறார், கடலூர் பீச்சில் ஒருவர் தனியாகப் பேசிக்கொண்டு போகிறார், வடலூரில் சாப்பாட்டு வரிசையில் இதே மீசையோடு ஒருவர். ஒவ்வொரு போனுக்கும் ஓடினார்கள். யாரும் அவர் இல்லை. மேல்பட்டாம்பாக்கத்தில் வீடு வீடாகக் கேட்டாகிவிட்டது. அந்தக் கல்யாண வீட்டையும் கண்டுபிடித்தார்கள். "சாப்ட்டுப் போனாருங்க, யாரோ பொண்ணூட்டுக்காரங்கன்னு நெனச்சோம்" என்றார்கள். எந்தப் பக்கம் போனார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அதோடு குழந்தைவேலின் தடயம் அறுந்தது.

வைகாசி பிறந்து ஒரு நாள், மேல்பட்டாம்பாக்கம் ரயில் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. காக்கிச் சட்டை, வயசும் ஒத்துப் போகிறது, பிளாட்பாரத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறார் என்றார்கள். கலியம்மாள் அவசர அவசரமாகக் கத்தரிக்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். சோற்றை டிபன் பாக்ஸில் அழுத்திக் கட்டினாள். சின்ன வெங்காயம் உரித்துத் தனியாக முடிந்துகொண்டாள். பஸ்ஸில் டிபன் பாக்ஸை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

பிளாட்பாரக் கோடியில் புங்க மரத்தடியில் அவர் உட்கார்ந்திருந்தார். காக்கிச் சட்டைதான். அப்பா இல்லை என்று தூரத்திலிருந்தே பொற்கொடிக்குத் தெரிந்துவிட்டது. நடையை நிறுத்தி அம்மாவின் கையைப் பிடித்தாள். கலியம்மாள் கையை விடுவித்துக்கொண்டு போனாள். பக்கத்தில் போய் நின்றாள். குழந்தைவேலைவிட வயதானவர். தாடி. கண்ணில் புரை.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வந்துட்டியா?" என்றார். "நேரமாயிடுச்சே."

கலியம்மாள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு எதிரே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தாள். "கை கழுவிகினு வாங்க" என்றாள். அவர் எழவில்லை. அவளே பாட்டில் தண்ணீரை அவர் கைமேல் ஊற்றினாள்.

அவர் பசியோடு சாப்பிட்டார். குழம்பு தாடியில் வழிந்தது. வெங்காயத்தைத் தொடவில்லை.

"ஒங்க ஊரு எதுங்க?" என்று பொற்கொடி கேட்டாள். "பேரு என்னாங்க?"

"வூட்டுல கேளு, சொல்லுவாங்க" என்றார் அவர்.

கலியம்மாள் வெங்காய முடிச்சை எடுத்து மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள். வெகுநேரம் தண்டவாளத்தைப் பார்த்தாள். அழவில்லை. அழுவாள் என்று பொற்கொடி காத்திருந்தாள்.

"ஒன் செல்லுல போட்டோ வுழும்ல?" என்றாள் கலியம்மாள்.

"எதுக்கும்மா?"

"இவுருக்கும் ஒரு நோட்டீசு அடி. இவுரு வூட்டுல எந்தப் பஸ் ஸ்டாண்டுல நின்னுகினு இருக்காங்களோ."

"பேரு தெரியாதேம்மா. என்னான்னு அடிக்கறது?"

"எனக்கு என்னா தெரியும்? நீ படிச்சவ. இங்க ஒருத்தரு இருக்காருன்னு அடி."

பொற்கொடி செல்லை எடுத்தாள். அவர் குனிந்து கடைசிச் சோற்றை விரலால் வழித்துக்கொண்டிருந்தார். தலை மட்டும்தான் தெரிந்தது. அவள் செல்லைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சாப்ட்டு முடிக்கட்டும்மா" என்றாள்.